பங்கருக்குள் பகிடி: போர்க்கால யாழ்ப்பாணத்தின் சிரிப்பு



பங்கர்ப் பகிடியைப் பற்றிப் பேச யாழ்ப்பாணத்தில் எழுந்து நிற்கிற ஒருவர் பெல்ஜியத்திலிருந்து தொடங்கினால் உங்களில் பாதிப்பேருக்கு அதுவே பகிடியாகத் தெரியும். முன்வரிசையில் இருக்கிற பலர் பங்கருக்குள் இருந்து சோதனைக்குப் படித்தவர்கள். ஆனாலும் உலகத்தில் எவரிடமும் பதுங்குகுழி நகைச்சுவை என்று சொன்னால் அவர் நினைவில் முதலில் வருவது முதலாம் உலகப்போரின் மேற்கு முனைதான். அங்கே ஒரு நடை போய்வந்தால் நம்முடைய வழி எந்தச் சந்தியில் பிரிகிறது என்பது தெளியும்.

1916 பெப்ரவரி. ஈப்ரே நகரம் செல்லடியில் நொறுங்கிக் கிடக்கிறது. ஷெர்வூட் ஃபொறஸ்டர்ஸ் படையணியின் 12ஆவது பட்டாலியனைச் சேர்ந்த கப்டன் ஃபிரெட் ரொபேட்ஸும் லெப்டினன்ற் ஜாக் பியர்சனும் இடிபாடுகளுக்குள் கிடந்த ஓர் அச்சு இயந்திரத்தைப் பயன்படுத்திப் பத்திரிகை ஒன்று தொடங்கினார்கள். ஈப்ரே என்ற பெயர் ஆங்கிலேயச் சிப்பாயின் வாயில் நுழையாமல் 'வைப்பர்ஸ்' ஆகியிருந்தது. பத்திரிகைக்கும் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் பொய் விளம்பரங்கள் இன்றைக்கும் சிரிக்க வைப்பவை. ஆயிரக்கணக்கானவர் மாண்ட 60ஆம் இலக்கக் குன்றில் காற்றோட்டமான வீட்டுக்காணி விற்பனைக்கு உண்டு என்று ஓர் அறிவித்தல். வாசித்தவன் அந்தக் குன்றில் ஓர் இரவு கிடந்துவிட்டு வந்தவன்.

அதே காலத்தில் கோடுகளால் சிரிக்க வைத்தவர் புரூஸ் பெயான்ஸ்ஃபாதர். பிறந்தது 1887இல், அப்போதைய பிரித்தானிய இந்தியாவின் மரீ என்ற மலைநகரில். 1915இல் ஈப்ரேயில் காயப்பட்டவர். அவர் உருவாக்கிய 'ஓல்ட் பில்' அடர்ந்த மீசையும் சலித்த முகமுமாக இருக்கிற ஒரு கிழட்டுச் சிப்பாய். சுற்றிலும் செல் வெடிக்கிறது. ஒரு குழிக்குள் இரண்டு பேர். ஒருவன் முறையிடுகிறான், இதைவிட நல்ல குழி தெரிந்தால் நீ அங்கே போ என்கிற மாதிரி மற்றவன் பதில் சொல்கிறான். நம்முடைய வீரர்களைக் கொச்சைப்படுத்துகிற படங்கள் என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. ஆனால் படம் போர்முனையில் ஒட்டப்பட்டது, வெட்டிக் கடிதத்தோடு அனுப்பப்பட்டது. பிறகு இராணுவமே அவரைக் கேலிச்சித்திர அதிகாரியாக நியமித்து நேச நாட்டுப் படைகளிடமும் அனுப்பிவைத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய் பில் மோல்டினுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அவருடைய வில்லி, ஜோ இருவரும் சவரம் செய்யாத, சேறு பூசிய, அதிகாரிகளைக் கண்டால் எரிச்சல்படுகிற சிப்பாய்கள். ஜெனரல் பற்றனுக்கு அவர்களைக் கண்ணிலும் காட்டக்கூடாது. மோல்டினைக் கூப்பிட்டு நேரிலேயே ஏசினார். ஆனால் பற்றனுக்கு மேலே இருந்த ஐசன்ஹோவர் அந்தப் படங்கள் வரட்டும் என்றார். 1945இல் புலிற்சர் பரிசும் கிடைத்தது. மோல்டினுக்கு அப்போது 23 வயது.

இந்த 'மேலே இருந்தவர்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கேலி மேல்நோக்கிப் போனது. கேலி செய்தவனைத் தாங்கிப் பிடிக்க இன்னும் மேலே ஒருவர் இருந்தார். அதே மேற்கு முனையில் நின்ற இந்தியச் சிப்பாய்க்கு அப்படி ஒருவரும் இல்லை. அவனுடைய கடிதங்கள் தணிக்கைக்குப் போயின. ஆகவே கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகும் போகிறது என்கிற மாதிரி எழுதினான். கறுப்பு மிளகு இந்தியப் படை, சிவப்பு மிளகு வெள்ளைக்காரப் படை. தணிக்கை அதிகாரிகள் பிறகு அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள், அது வேறு கதை. சாவைப் பலசரக்குக் கணக்காக எழுதிய அந்தச் சிப்பாய், என் கணக்கில், ரொபேட்ஸைவிடவும் மோல்டினைவிடவும் நமக்குக் கிட்டிய உறவு.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

மேற்கு முனையில் பங்கர் சிப்பாயினுடையது. வீடு எங்கேயோ கடலுக்கு அப்பால் இருந்தது. நம்மிடம் பங்கர் வீட்டு வளவுக்குள்ளேயே இருந்தது. கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவில், முருங்கைக்குக் கீழே. வெட்டியவர்கள் அப்பாவும் மாமாவும் பக்கத்து வீட்டுப் பெடியளும். வலிகாமத்தில் ஒன்றிரண்டு அடி போனதும் கல்லு. பிறகு அலவாங்கோடு மல்லுக்கட்டு. வடமராட்சிக் கரையோரத்தில் மணல். வெட்ட வெட்டச் சரியும். மேலே குறுக்காகப் பனங்குற்றி, அதற்கு மேல் தகரம், அதற்கு மேல் மண் நிரப்பிய உரப்பை. வாசல் நேராக இருக்கக்கூடாது, சிதறல் உள்ளே வராமல் ஒரு முடக்கு வைக்கவேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளையும் அறிந்திருந்தது. வசதியானவர்கள் சீமெந்து போட்டுக் கட்டினார்கள். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் கைக்கு வந்தவர்கள் அவற்றைப் போட்டார்கள். 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றபின் அந்தப் பாதையின் இரும்பும் கட்டையும் இரு தரப்புக் காவலரண்களுக்குள்ளும் போயின. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது, எங்கட பங்கர் இப்ப ஓடுது என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டேன். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

பங்கருக்குள் என்னென்ன போகும் என்பதில் வீட்டுக்கு வீடு ஒழுங்கு உண்டு. பாய், தண்ணீர்ப் போத்தல், டோர்ச் இருந்தால் டோர்ச். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பை: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நகை. குண்டு விழுந்தால் ஆள் மிஞ்சாது, உறுதி மட்டும் மிஞ்சி ஆருக்கு என்று எங்கள் வீட்டில் கேட்டவர் ஆச்சி. அவர் பங்கருக்கு இறங்க மாட்டார். "ஆச்சி, இறங்கணை, ஹெலி சுத்துது" என்று அம்மா கத்துவா. "செத்தாப் பிறகு எப்பிடியும் குழிக்குள்ளதானே மோனை, உயிரோட இருக்கேக்கையும் ஏன்?" என்பார் ஆச்சி. அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும். அகப்பையைக் கையில் வைத்தபடி குசினி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் செல் கிட்ட விழுந்தபோது எல்லாருக்கும் முதலில் உள்ளே வந்து சேர்ந்தவரும் அவர்தான். அகப்பை கையிலேயே இருந்தது. இருட்டுக்குள் அப்பாவின் சட்டையில் கஞ்சி. ஆச்சி சொன்னது: "கஞ்சி குடிக்க வந்தனான்."

மாரியில் பங்கருக்குள் தண்ணீர் நிற்கும். தவளை வரும், பாம்பு வரும், பூரான் வரும். வெளியே பொம்பர், உள்ளே புடையன் என்றால் எதைத் தெரிவு செய்வது? இதைப் பற்றிய பகிடிகள் ஊருக்கு ஒன்று இருந்தன. எங்கள் ஊரில் ஓடித் திரிந்த கதை வேலிச்சண்டைக் கதை. எல்லை வேலிக்காக இரண்டு தலைமுறையாக வழக்காடிய இரண்டு வீட்டார் ஆபத்துக்கு ஒரே பங்கரை வெட்டினார்களாம். வெட்டி முடிந்து குற்றி அடுக்கும்போது ஒருவர் நூல்பிடித்துப் பார்த்து, பங்கர் தன்னுடைய பக்கம் ஒரு முழம் வந்துவிட்டது என்றார். மற்றவர் உறுதியை எடுத்து வந்தார். இரண்டு பேரும் பங்கருக்குள் இருந்து உறுதியை விரித்து வாசிக்கையில் சகடை விமானம் வந்தது. அது போகும்வரை ஒருவரும் பேசவில்லை. போனதும், "அப்ப அந்த ஒரு முழம்...?" என்று தொடங்கினாராம். இது நடந்ததா, நடக்கவில்லையா என்று ஆராயத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை இது. சாவு தலைக்கு மேல் சுற்றும்போதும் வேலியை விடாதவன் என்று தன்னையே அவன் வரைந்துகொண்டான்.

சகடையைப் பற்றிச் சொல்லவேண்டும். சீனத் தயாரிப்பான வை-8, ஆளும் சாமானும் ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட விமானம். இலங்கை வான்படை அதைக் குண்டு போடப் பயன்படுத்தியது. மெதுவாக, ஒரு முனகலோடு வரும். பின்கதவால் குண்டுகள் உருட்டப்படும். குறி என்று ஒன்று இருந்ததாக நாங்கள் நம்பவில்லை. அதனால் ஒரு தத்துவமும் பிறந்தது: சகடை எதைக் குறி வைக்குதோ அதற்குள் போய் இரு, அங்கேதான் விழாது. 1992 ஜூலையில் அதில் ஒன்று இயக்கச்சிப் பக்கம் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த விமானங்களுக்கும் ஊர் தன் வாய்க்கேற்ற பெயர் வைத்தது. இத்தாலியச் சியாய் மார்செற்றி 'சியாமாசெட்டி' ஆனது. ஏதோ நகரத்தில் வட்டிக்கடை வைத்திருக்கிற ஒரு செட்டியார் காலையில் கணக்குப் பார்க்க வருகிற மாதிரி, "செட்டி வந்திட்டார்" என்பார்கள். 1914 செப்டெம்பர் 22இல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட ஜெர்மன் கப்பல் எம்டன், பயமுறுத்துகிற மாமனாருக்கும் கண்டிப்பான வாத்தியாருக்கும் பெயராகிப் போனது நமக்குத் தெரியும். கொல்ல வருகிற இயந்திரத்தை உறவுமுறைக்குள் இழுத்து விடுவது தமிழ் வாய்க்குப் பழகிய வேலை. இயந்திரத்தை நோக்கிக் கேலி செய்யலாம். விமானம் கீழே இறங்கி வந்து உன் பெயரைக் கேட்காது. மனிதர்களை நோக்கிச் செய்வதுதான் சிக்கல். அங்கேதான் நம்முடைய வழி பிரிகிறது. ஆனால் அதற்கு முன் சிரித்திரன் இதழைப் பார்க்கவேண்டும்.

கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரம் கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனார், கேலிச்சித்திரத்தோடு திரும்பினார். 'சுந்தர்' என்று கையெழுத்திட்டார். தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பர் மாட்டுவண்டிச் சவாரியைப் பெயரிலேயே சுமந்தவர். அறுபதுகளில் கொழும்பில் சிரித்திரனைத் தொடங்கினார். பிறகு அது யாழ்ப்பாணத்துக்கு வந்தது. மெயில்வாகனத்தார், மைனர் மச்சான், மிஸ்ஸிஸ் டாமோடிரன் என்று அவர் பெற்ற பிள்ளைகள் பல வீடுகளில் சொந்தப் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசப்பட்டார்கள். தாமோதரன் என்ற பெயரை டாமோடிரன் ஆக்கிக்கொண்ட அந்த அம்மாவின் நாகரிகத்தில் கொழும்பு மத்தியதர வாழ்வு முழுவதும் இருந்தது. மகுடி என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதில்களை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு தனிமனிதன் வரைந்து, எழுதி, அச்சடித்து, சந்தாப் பணம் கேட்டுக் கடிதம் போட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு நகைச்சுவை இதழைத் தூக்கிப் பிடித்தார் என்பதே ஈழத்துச் சஞ்சிகை வரலாற்றில் பெரிய சாதனை. அதிலும் கடைசிப் பகுதி கடதாசி இல்லாத காலம்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கடதாசியும் இல்லை. உதயன் போன்ற நாளிதழ்களே கிடைத்த தாளில், கோடிட்ட கொப்பித் தாளிலும்கூட, வந்தன. கணித வாத்தியார் பார்த்தால் விடை எங்கே என்று கேட்பார் என்பார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. தொடக்கிவிட மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். பழைய ஒஸ்ரின் கார்களும் அப்படித்தான், பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒரு குடும்பம் அந்த வெளிச்சத்தில் சாப்பிட்டு, படித்து, சண்டை பிடித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் களைப்பு வந்துவிடும். குரல் இழுபடும். யுத்த நிறுத்தம் வருமா வராதா என்று சொல்லும் இடத்தில்தான் எப்போதும் சுற்றுகிறவனுக்குக் கை வலிக்கும். இவை எல்லாம் கேலிச்சித்திரக்காரனுக்குப் பொன்னான பொருள்கள். உரைநடையிலும் பேச்சிலும் இவை நிறைய வந்தன. ஒரு சமுதாயம் தன் வறுமையை வேடிக்கையாக்கிய அளவுக்கு, அந்த வறுமையை உண்டாக்கியவர்களை வேடிக்கையாக்கவில்லை. ஏன்?

பயந்ததால் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். ஆனால் எவரிடம் பயந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் அந்தச் சொல் அரைகுறை. 1987 ஒக்ரோபர் 10இல் இந்தியப் படையின் நடவடிக்கை யாழ்ப்பாணத்தில் தொடங்கியபோது முதல் வேலைகளில் ஒன்றாக ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. 1989 செப்டெம்பர் 21இல், எல்லாத் தரப்பையும் விமர்சித்து 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவரான டொக்டர் ரஜனி திராணகம வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். மறுவருடம் சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. திரும்பி வரவே இல்லை. 2000 ஒக்ரோபர் 19இல், இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் கொல்லப்பட்டார். 2006 மே மாதத் தொடக்கத்தில் உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டார்கள். ஈப்ரேயில் கப்டன் ரொபேட்ஸுக்கு ஒரு பக்கம்தான் எதிரி. இங்கே சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பல பக்கத்தவர். எல்லாருடைய கையிலும் துவக்கு.

அந்தச் சூழலில் கேலிச்சித்திரம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சைக்கிள் ஓடுகிற மனிதனின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறவன், பயணப் பாஸ் எடுக்க அலைகிறவன், கிளாலியில் இரவுப் படகேறிக் கொழும்பு போகிறவன், மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனிடம் காணியை ஈடு வைக்கிறவன். பாஸ் கேட்கிறவன் படத்தில் இருப்பான். பாஸ் கொடுக்கிறவன் இருக்க மாட்டான், ஒரு மேசையின் விளிம்பு மட்டும் தெரியும். பகிடியைக் கேட்டவர்களுக்கு மேசைக்குப் பின்னால் யார் என்பது தெரியும். சொல்லாமல் விடப்பட்ட அந்த ஆளைப் பார்க்கத் தெரியாதவர் யுத்தகால யாழ்ப்பாணத்துச் சிரிப்பை வாசித்தால், ஆச்சிமாரையும் வேலிச்சண்டையையும் பற்றிய ஊர்ப் பகிடிகள் என்றே நினைத்துக்கொள்வார். கறுப்பு மிளகு எழுதிய சிப்பாயை நான் நம் உறவு என்றது இதனால்தான்.

துவக்கு வைத்திருந்தவர்களும் சிரிக்க வைத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் சந்திகளில் வீதி நாடகம் போடப்பட்டது. அதில் கொழும்புக்கு ஓடுகிறவன் கோமாளி, பிள்ளையைப் போருக்கு விடாத தாய் கோமாளி. பார்வையாளர் சிரித்தார்கள், சிரிக்காமல் நிற்பவனையும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? அதிகாரம் மக்களைப் பார்த்துச் செய்கிற கேலியை நகைச்சுவை என்ற கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம், இராணுவச் சுற்றிவளைப்பில் முக்காடு போட்டு இருத்திவைக்கப்பட்ட காட்டிக்கொடுப்பவருக்கு மக்கள் தலையாட்டி என்று பெயர் வைத்தார்கள். வரிசையாக நடத்திச் செல்வார்கள். முக்காடு ஆடினால் நீ லொறிக்குள். தஞ்சாவூர்ப் பொம்மையின் பெயரை அதற்கு வைத்தவர் யாரோ, அவருடைய துணிச்சலுக்கு முன்னால் பல அரசியல் கட்டுரைகள் ஒன்றுமில்லை.

நம்முடைய சிரிப்பில் அழுக்கும் இருந்தது. மேலே பார்க்க முடியாத கேலி பக்கவாட்டிலும் கீழேயும் பார்க்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் இருந்தவர்களை 'அகதி' என்று சொல்லிச் சிரித்த பகிடிகள் உண்டு. நிவாரண வரிசையில் அவர்களைப் பற்றிச் சொன்னவை எனக்கு இப்போதும் வாய்க்கு வராதவை. அவர்கள் இருந்த முகாமில் பங்கர் வெட்ட வளவே இல்லை. சீமெந்து பங்கர் வைத்திருந்தவர்களின் பகிடி அவர்களைப் பற்றியதாக இருந்தது. அவர்கள் அந்தச் சீமெந்து பங்கரைப் பற்றிச் சொன்ன பகிடிகளை எவரும் எழுதிவைக்கவில்லை. பெண்களைப் பற்றியவற்றையும் இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சம் வரும். சிரித்திரனின் தொகுதிகளுக்கும் இதில் விலக்கில்லை. சுந்தர் மீதான மதிப்பில் ஒரு துளியும் குறையாமல் இதைச் சொல்கிறேன்.

ஐந்து இலட்சம் பேரளவில் வலிகாமத்தைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி ஒரு வார்த்தை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் பாதையில், செம்மணி வெளியில், மழையில், ஓரடி வைத்து ஒரு மணிநேரம் நின்று மறு அடி வைத்த சனம். எங்களுக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். சைக்கிளில் தையல் இயந்திரம் கட்டியிருந்தது. விடியப்போகிற நேரத்தில் மனைவி கேட்டா: "முன்கதவைப் பூட்டினனீங்களோ?" அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். திறப்பு இருந்தது. "பூட்டினனான். ஆனா ஜன்னலைச் சாத்தேல்லை." இதைக் கேட்ட சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். சத்தமாக. அந்த இரவில் அப்படிச் சிரித்ததற்கு இன்றைக்கும் என்னால் ஒரு கோட்பாடு சொல்ல முடியாது. இங்கு இருக்கிற உளவியல் துறையினர் முயன்று பார்க்கலாம். சில மாதம் கழித்து, 1996 மார்ச்சில், சுந்தர் காலமானார். அந்த இடப்பெயர்வை அவருடைய சவாரித்தம்பர் எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். வண்டில் கட்டாமல் போயிருக்க மாட்டார்.

இவ்வளவு நேரம் சிப்பாய்களை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். தலைப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பலாலியிலும் ஆனையிறவிலும் பிறகு 2000 முதல் முகமாலை, நாகர்கோவில், கிளாலி வரிசையிலும் மண்ணணைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருபது வயதுக்காரர்கள் கிடந்தார்கள். ஒரு பக்கம் அனுராதபுரத்து, மொனராகலைப் பிள்ளைகள். மறுபக்கம் நம்முடைய பிள்ளைகள். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட வீடுகளுக்குப் போனபோது சுவர்களைப் பார்த்தேன். கரியால் இழுத்த கோடுகள், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு, லீவுக்கு எத்தனை நாள் என்ற கணக்கு. சில இடங்களில் ஊர்ப்பெயர்கள், சிங்களத்தில். நம்முடைய வீட்டுச் சுவாமியறையில் இருந்துகொண்டு ஒருவன் தன் வீட்டுக்குப் போக நாள் எண்ணியிருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று கேட்காதீர்கள்.

சிங்களத்தில் இந்தப் போரின் கசந்த நகைப்பைச் சிறப்பாகப் பிடித்தது ஒரு திரைப்படம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', 1997இல் எடுக்கப்பட்டது. கண் தெரியாத தகப்பன், முத்திரையிட்டு வந்த மகனின் சவப்பெட்டியைத் தோண்டித் திறக்கிறார். உள்ளே வாழைத்தண்டும் கல்லும். அரசாங்கம் 2000இல் படத்தைத் தடுத்தது. உயர்நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. இந்தப் பக்கத்தில், 1992இல் இறந்த போராளி மலரவனின் 'போர் உலா' மாங்குளம் முகாம் தாக்குதலுக்குப் போய்வந்த பயணத்தின் குறிப்பு. போர்ப் பிரசார எழுத்து என்று அதை ஒதுக்குகிறவர்கள், காட்டுப்பாதையில் பெடியள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கிற இடங்களை வாசிக்கவேண்டும் என்பது என் பணிவான கருத்து. அந்தப் பக்கங்களில் இயக்கம் பேசவில்லை, இருபது வயது பேசுகிறது. இரண்டு தரப்புப் பங்கர்களிலும் கோடு வரையக்கூடிய ஒரு கை நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் நம்மிடம் ஓல்ட் பில்லும் இல்லை, வில்லியும் ஜோவும் இல்லை. சிப்பாயைச் சேறோடும் சலிப்போடும் வரைவதற்கு முதலில் அவனைச் சாதாரண ஆளாகப் பார்க்கவேண்டும். இரண்டு தரப்பும் தன்னுடையவனை வீரனாகவும் மற்றவனை மிருகமாகவும் மட்டுமே சுவரொட்டியில் போட்டது. வீரனுக்கு மூட்டைப்பூச்சி கடிக்காது.

முகமாலையில் இப்போது மிதிவெடி அகற்றுகிறவர்கள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள். உலகத்தில் வெடிகள் மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று அது. துப்பரவான இடத்தில் ஆட்கள் திரும்பிக் கச்சான் போடுகிறார்கள். மண்ணணைகள் கரைந்துவிட்டன. வீட்டுப் பங்கர்களில் முக்கால்வாசி குப்பை போட்டு மூடப்பட்டு, மேலே வாழை நிற்கிறது. குழி இருந்த இடத்தில் வாழை நல்லாய் வரும்.

நூலகம் நிறுவனம் சிரித்திரனின் பல இதழ்களை எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மாணவர்கள் அங்கே போகவேண்டும். ஆனால் அச்சில் வந்தது அங்கே இருக்கும். நான் இன்று சொன்னவற்றில் பாதி அச்சில் வராதது. அதைச் சேகரிக்க வேறு வழி வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்கள், போரில் யாரை இழந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் கேள்வி கேட்கப்படவேண்டியதுதான். அதோடு, பங்கருக்குள் என்ன கதைத்தீர்கள், யார் சிரிக்க வைத்தவர், எந்தப் பகிடியை வெளியில் சொல்லப் பயந்தீர்கள் என்றும் கேளுங்கள். முதலில் ஒன்றும் நினைவில்லை என்பார்கள். தேத்தண்ணி வந்தபிறகு தொடங்குவார்கள். ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அது அப்படி இல்லை என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் பதிவு செய்யுங்கள்.

சீக்கிரமாகச் செய்யவேண்டும் என்பதற்கு ஒரு காரணம், சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள். இன்னொன்று, கேட்கிறவர்களுக்கு விளங்குவதும் குறைகிறது. ரொறன்ரோவில் இருக்கிற என் மருமகனுக்கு றேடியோ சுற்றிய கதையைச் சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, ஃபோன்ல கேட்டிருக்கலாமே?" என்றான். நான் டைனமோ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். டைனமோவை விளக்க சைக்கிள் லைற், சைக்கிள் லைற்றை விளக்கத் தடை, தடையை விளக்க 1990. முடிக்கிறபோது பையன் நித்திரை. அவனுடைய தகப்பன் மட்டும் பக்கத்து அறையில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.